உறவு தெரியாத மொழி: தயாப்

மொழிக் குடும்பம் பற்றிய பாடத்தை நடத்தும்போது, "எந்தக் குடும்பத்திலும் சேராத மொழி உண்டா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு நான் காட்டும் சான்று தயாப்.

பப்புவா நியூ கினியில், செபிக் ஆறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டிய கபுன் என்ற சிற்றூரின் மொழி இது. இதைப் பாப்புவா மொழி என்பர். அது குடும்பப் பெயரன்று. நியூ கினிப் பகுதியில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேராத பல நூறு மொழிகளுக்கான பொதுப்பெயர்.

1937இல் ஜெர்மானியப் பாதிரியார் கெயோர்க் ஹோல்ட்கர் இவ்வூரில் சில மணி நேரம் தங்கி 125 சொற்களைத் திரட்டினார். 1970களில் ஆஸ்திரேலிய மொழியியலாளர் டொனால்ட் லேகாக், சில சொற்பட்டியல்களைக் கொண்டு, தயாப்பைச் செபிக்-ராமு என்ற பெருந்தொகுதியில் தனிக் கிளையாக வைத்தார்.

சில சொற்கள் ஒத்திருந்தால் உறவு உறுதியாகிவிடாது. அவை கடன் வாங்கியவையாக இருக்கலாம். தமிழில் பால், பல், பாம்பு. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹாவு. சொல்லின் முதலில் 'ப' இருந்த இடத்தில் 'ஹ' வருகிறது. இத்தகைய ஒழுங்கு அடிப்படைச் சொற்களிலும், இலக்கண அமைப்பில் ஒப்புமையும் வேண்டும். அண்டை மொழிகளோடு தயாப்புக்கு அத்தகைய உறவு தென்படவில்லை. எனவே டான் குலிக், ஏஞ்சலா டெரில் இருவரும் 2019இல் வெளியிட்ட இலக்கண, அகராதி நூலில் அதைத் தனித்த மொழி என்றனர். சற்றுத் தொலைவிலுள்ள டொரிசெல்லி குடும்பத்தோடு இணைக்கும் கருத்தும் உண்டு. விவாதம் முடியவில்லை.

நாம் அஃறிணை என்று ஒதுக்கும் பொருள்களுக்கும் தயாப்பில் பால் உண்டு. நீண்டு மெலிந்தவை ஆண்பால்; குட்டையாகப் பருத்தவை பெண்பால்.

1980களின் நடுவில் குலிக் சென்றபோதே, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாரும் தயாப் பேசவில்லை. 2019இல் பேசுவோர் ஐம்பதுக்கும் குறைவு. எவரும் தடை விதிக்கவில்லை. பெரியவர்கள் குழந்தைகளிடம் பெரும்பாலும் நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் பேசினர். பிள்ளைகள் பிடிவாதத்தால் தயாப்பை விட்டார்கள் என்று நம்பினர்.

வகுப்பில் ஒரு செயல்பாடு: வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர்கள் உடலுறுப்பு, உறவுமுறை, எண் ஆகியவற்றுக்குத் தம் மொழிச் சொற்களைக் கரும்பலகையில் எழுதட்டும். தமிழோடு ஒப்பிட்டு, ஒலி மாற்றத்தில் ஒழுங்கு உள்ளதா என்று அனைவரும் தேடலாம். "வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுமுன், கபுன் பிள்ளைகளை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.