ஆயுளுக்கும் ஒரே லைசென்ஸ்?

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கும் என் மைத்துனர் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சேர்த்து ஆயுட்கால லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். நமக்கு அப்படி உண்டா?
- வாசகர், திருவாலங்காடு

பதில்: உங்கள் மைத்துனர் 1,800 டாலர் கட்டியிருப்பார். அதுவும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். இங்கே ஆயுளுக்கு என்ன, ஒரு நாளைக்குக்கூட வேட்டை லைசென்ஸ் கிடையாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் லைசென்ஸுக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. வயல் வரப்பில் முயலுக்குக் கண்ணி வைத்தாலும், கௌதாரிக்கு வலை விரித்தாலும் குற்றம்தான். உடும்பு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ("மூட்டு வலிக்கு மருந்து" என்று சொல்லித் தப்ப முடியாது.) துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது துப்பாக்கி வைத்துக்கொள்ள மட்டும்.

ஒரே ஒரு சுவாரசியமான விலக்கு: 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அதுதான் மூலப்பொருள்.

மீன் கதை வேறு. ஏரிகளில் மீன்பாசி குத்தகை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்கே குத்தகைக் காலம் முடியும்வரை உரிமை. தூண்டிலோடு கிளம்புமுன் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.