கடற்சாமந்தி வளர்க்கும் வீட்டுத் தொட்டியில் ஆபத்தற்ற நீரோட்டம்

தோப்பூர்ப் பகுதியிற் கமஞ்செய்வோர் நீரின் குணத்தை நன்கறிந்தவர்கள். வாய்க்கால் வழியே அளவோடு பாயும் நீர் பயிரைக் காக்கும். வக்கடையை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் அதே நீர் நாற்றைப் பிடுங்கிச் செல்லும். கண்ணாடித் தொட்டியிற் கடல்நீரை நிரப்பி, அதிற் கடற்சாமந்தியும் அதனோடு வாழும் கோமாளி மீனும் வளர்ப்போர்க்கும் இவ்விதியே பொருந்தும். ஓட்டம் இல்லையேல் பிராணி வாடும். ஓட்டம் தரும் பம்பியே காப்பின்றி இருந்தால் அதனை அரைத்துவிடும். நெல்லும் மரக்கறியும் பயிரிடும் வீடுகளில் இத்தகைய தொட்டி வைக்க விரும்புவோர் அறியவேண்டியவற்றை இங்கே முறையாகத் தருகின்றோம்.

கடற்சாமந்தியின் இயல்பு

கடலனிமனி எனவும் அழைக்கப்படும் இவ்வுயிர், தோற்றத்தில் மலரை ஒத்ததாயினும் தாவரமன்று. பவளத்துக்கு உறவான ஒரு பிராணி. இதற்கு எலும்பும் ஓடும் இல்லை. உடல் முழுவதும் மென்மையானது. அடியிலுள்ள பாதத்தாற் பாறையைப் பற்றிக்கொள்ளும். மேலே வாயைச் சூழ்ந்து கொட்டும் தன்மையுடைய உணர்கொம்புகள் உண்டு. உணவு உட்செல்வதும் கழிவு வெளிவருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். கோமாளி மீனுக்குப் புகலிடம் தரும் இனங்களின் உடலினுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளியைக்கொண்டு உணவு தயாரித்துப் பிராணிக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே, தொட்டிக்கு நல்ல ஒளியும் வேண்டும்.

இப்பிராணியிடம் நாம் மறக்கக்கூடாத குணம் ஒன்றுண்டு. அது வைத்த இடத்திலேயே இருப்பதில்லை. ஒளியோ ஓட்டமோ ஒவ்வாதபோது பாதத்தை நகர்த்தி மெல்ல ஊர்ந்து செல்லும். சில வேளை பிடியை முற்றாக விட்டு நீரில் மிதக்கும். இரவில் நாம் உறங்கும்போதே இப்பயணம் நிகழக்கூடும். மிதக்கும் பிராணி பம்பியின் உறிஞ்சுவாயை அடைந்தால் துண்டு துண்டாகும். அத்துண்டுகளும் அழுகும் சதையும் நீரை நஞ்சாக்குவதால், விடிவதற்குள் தொட்டியிலுள்ள மீன்களும் மடியலாம். ஓர் உயிரின் அழிவோடு நட்டம் நின்றுவிடுவதில்லை.

நீரோட்டத்தின் அளவு

தேங்கிய நீரிற் பிராணவாயு குறையும். உடலைச் சுற்றிச் சளியும் கழிவும் தங்கும். எனவே ஓட்டம் அவசியமே. தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு நீர் ஒரு மணித்தியாலத்திற் சுழல்வது பொதுவாகப் போதுமானது. 200 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு 2,000 லீற்றர் என்று கொள்வோம். இதற்கு ஒரு பெரிய பம்பியை வைப்பதிலும், மணிக்கு 1,000 லீற்றர் தள்ளும் இரண்டு சிறிய பம்பிகளை எதிரெதிர் மூலைகளில் வைப்பது சிறந்தது. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். வேகமும் ஓரிடத்திற் குவியாது.

வெளிவரும் நீரைப் பிராணியின்மேல் நேரே பாய்ச்சாதீர்கள். கண்ணாடிச் சுவரின்மீதோ நீர்மட்டத்தை நோக்கியோ திருப்பிவிடுங்கள். மோதித் திரும்பும் மென்மையான ஓட்டமே நல்லது. உணர்கொம்புகள் இளங்காற்றில் நெற்பயிர் அசைவதுபோல் அசைந்தால் அளவு சரியானது. அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் ஓட்டம் மிகுதி.

உறிஞ்சுவாய்க்குக் காப்பு

ஒரே அளவு நீர் ஒடுங்கிய வழியில் விரைந்து பாயும். அகன்ற வழியில் மெதுவாகப் பாயும். காப்பின் தத்துவம் இதுவே. மணிக்கு 1,000 லீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 278 கன சென்ரிமீற்றர். பம்பியின் உறிஞ்சு துளைகளின் மொத்தப் பரப்பு 7 சதுர சென்ரிமீற்றராயின், அங்கே நீர் செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் வேகத்தில் இழுபடும். அவ்வாயின்மேல் 8 சென்ரிமீற்றர் விட்டமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள உருளை வடிவக் கடற்பஞ்சுத் துண்டை மாட்டினால், அதன் பக்கப் பரப்பு ஏறத்தாழ 250 சதுர சென்ரிமீற்றர். மேற்பரப்பை நோக்கி வரும் நீரின் வேகம் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவாகக் குறையும். அந்த இழுவை பிராணியைப் பற்றிக்கொள்ளப் போதாது.

காப்பு அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கரடுமுரடான துளைகளுள்ள, சாயமும் சவர்க்காரமும் படாத பஞ்சையே பயன்படுத்துங்கள். பஞ்சைச் சுற்றி நெருக்கமான பிளாத்திக்கு வலையைக் கூடுபோல் அமைத்தால் இரட்டைக் காப்பாகும். உலோகக் கம்பி வலை கூடாது.

2. பஞ்சு அடைபட்டால் ஓட்டம் குறைந்து பம்பி சூடேறும். வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்து அகற்றிய பழைய கடல்நீரிற் பஞ்சை அலசுங்கள். இரண்டு பஞ்சுகளை வைத்து மாறிமாறிப் பாவித்தால், பம்பி ஒருபோதும் காப்பின்றி ஓடாது.

3. புதிதாகப் பிராணியை விடும் நாளில், பாதம் பாறையைப் பற்றும்வரை பம்பிகளை நிறுத்திவையுங்கள். அவ்வேளையிற் காற்றுப் பம்பியால் மட்டும் குமிழி விடலாம். அதன் குழாயும் பிராணிக்குத் தூரத்தில் இருக்கட்டும்.

4. நீர் நிரப்பி ஆறு மாதமேனும் கழியாத தொட்டியிற் கடற்சாமந்தியை விடாதீர்கள். கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் மணலிலும் பாறையிலும் நிலைபெறக் காலம் வேண்டும்.

நீரும் நஞ்சும்

கடல்நீரின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம்; வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் பெருமளவு நன்னீரையும் வண்டலையும் சேர்ப்பதால், அக்காலத்திற் குடாக்கரையில் அள்ளிய நீரை நம்பக்கூடாது. நீர்மானியால் அளந்தே பயன்படுத்துங்கள்.

மரக்கறிச் செய்கையாளர்க்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை: பங்கசு நோய்க்குத் தெளிக்கும் போடோக் கலவை போன்ற செம்பு மருந்துகள் முள்ளந்தண்டற்ற கடற்பிராணிகளுக்குச் சிறிதளவிலும் கொடிய நஞ்சு. மருந்து கலந்த வாளியிற் கடல்நீர் அள்ளாதீர்கள். தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் இடாதீர்கள். செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் விலக்குங்கள்.

தொட்டியிலிருந்து அகற்றும் 20 லீற்றர் நீரில் ஏறத்தாழ 700 கிராம் உப்பு உண்டு. அதனை மரக்கறிப் பாத்தியிலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர்கள். உவரால் வயல் கெடுவதை நீங்கள் அறிவீர்கள்.

மின்சாரம்

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். பம்பியின் வயர், செருகுமிடத்துக்குக் கீழாகத் தொங்கி வளைந்து மேலேறட்டும்; வழியும் நீர் வளைவில் துளியாகச் சொட்டிவிடும். மின்னொழுக்கு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆளி வீட்டில் இருத்தல் வேண்டும். தொட்டியிற் கையிடுமுன் மின்னை நிறுத்துவதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். மின்தடை நேரத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

விபத்து நேர்ந்தால்

பிராணி பம்பியிற் சிக்கியதைக் கண்டால் முதலில் மின்னை நிறுத்துங்கள். பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் பாதம் கிழியும். இழுவை நின்றபின் அது தானாக விடுபடக் காத்திருங்கள். பின்னர் தொட்டி நீரின் ஒரு பகுதியை மாற்றி, பிராணியைத் தனிப் பாத்திரத்தில் அமைதியாக வைத்துக் காற்று விடுங்கள். கழிவகற்றும்போது அது சிறிது நேரம் சுருங்குவது இயல்பே. ஆனால் வாய் பிளந்து, உடல் குழைந்து, துர்நாற்றம் வீசினால் உயிர் போய்விட்டது, உடனே அகற்றுங்கள்.

எங்கிருந்து பெறுவது?

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கிருந்து எவ்வுயிரையும் எடுக்கலாகாது. பிற இடத்துப் பிராணியாயினும், கடற்றொழில் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே, அனுமதி பெற்ற வியாபாரியிடம் வாங்குங்கள். பாறையிலிருந்து ஒரு கடற்சாமந்தியைப் பெயர்த்தால், அதனை நம்பிய மீன்களும் வீடிழக்கின்றன.

நன்கு பேணினால் இப்பிராணி நெடுங்காலம் வாழும். ஸ்கொத்லாந்தில் 1828 இல் சேர் ஜோன் டலியெல் கடற்கரையிற் பிடித்து வளர்த்த ஒரு கடற்சாமந்தி, அவர் மறைந்த பின்னரும் பலர் கையில் வளர்ந்து 1887 வரை உயிரோடிருந்தது. அதற்குப் பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. நீரைத் தவறாது மாற்றிய கைகளே அதனைக் காத்தன. உங்கள் தொட்டியிலும் பம்பி ஒரு கருவி மட்டுமே. காலையும் மாலையும் வயலைச் சுற்றி வரம்பு பார்ப்பதுபோல், பஞ்சும் வலையும் இடம்பெயராது உள்ளனவா என்று தினமும் பாருங்கள்.