மரச்செருப்பு ஆட்டம்

டக்... டக்... டக்... கல் பாவிய தெருவில் ஓசை கேட்கிறது. மக்கள் வாசலுக்கு வருகிறார்கள். ஆட்டக் குழு வருகிறது. தொப்பியில் பூக்கள். காலில் மரச்செருப்பு.

இது இங்கிலாந்து நாட்டின் கிராமியக் கலை. பெயர் மோரிஸ் ஆட்டம். அந்நாட்டின் வடமேற்கில் மரச்செருப்பு அணிந்து ஆடுவார்கள்.

அங்கே லங்காஷயர் என்ற பகுதி உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு ஊருக்கு ஊர் பஞ்சாலைகள் இருந்தன. அந்த ஆலைத் துணி நம் நாட்டுக்கும் வந்தது. நம் நெசவாளர்கள் பலர் பிழைப்பை இழந்தனர். ஆனால், அங்கே ஆலையில் உழைத்தவர்களும் ஏழைகளே. சிறுவர் சிறுமியரும் வேலை செய்தனர்.

ஆலைத் தரை ஈரமாக இருக்கும். சாதாரணச் செருப்பு தாங்காது. ஆகவே மரச்செருப்பு அணிந்தனர். அதன் மேற்புறம் தோல். அடிப்புறம் மரக்கட்டை. கட்டையின் அடியில் லாடம் போல இரும்புப் பட்டை இருக்கும். பட்டை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆலைக்கு விடுமுறை. அப்போது ஊர்த் திருவிழா நடக்கும். கோரைப்புல்லை வண்டியில் உயரமாக அடுக்குவார்கள். அதைத் தேவாலயத்துக்கு இழுத்துச் செல்வார்கள். முன்பு தேவாலயத்தின் மண் தரையில் அந்தப் புல்லை விரித்தார்கள். பின்னர் கல் தரை வந்தது. ஆனாலும் வழக்கம் தொடர்ந்தது. வண்டிக்கு முன்னே ஆட்டம் நடக்கும். உழைப்பாளியின் செருப்பே தாளம் போட்டது.

1914இல் உலகப் போர் வந்தது. இளைஞர்கள் பலர் போருக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை. ஆட்டக் குழுக்கள் கலைந்தன. பிறகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆட்டம் அழிந்துவிட்டதா? இல்லை. முன்பு ஆடிய முதியவர்கள் சிலர் இருந்தனர். ஆர்வம் கொண்டவர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். அடவுகளைக் கேட்டு எழுதி வைத்தார்கள். ஆடிக் கற்றார்கள். 1970-களில் பல புதிய குழுக்கள் தோன்றின. பெண்களும் குழு அமைத்தனர்.

லங்காஷயரை ஒட்டிய மலைப்பகுதி சேடில்வொர்த். அங்கே நின்றுபோன புல் வண்டி விழா 1975இல் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்டு மாதம் நடக்கும் விழா அது. வண்டியை இழுப்பவர்கள் ஆட்டக்காரர்களே.

ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. மரச்செருப்பின் ஓசை ஓயவில்லை. முதியவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டு எழுதினார்கள். அதனால் கலை பிழைத்தது.

பேசுவோம், எழுதுவோம்

1. ஆலைத் தொழிலாளர்கள் ஏன் மரச்செருப்பு அணிந்தனர்?

2. ஆட்டம் ஏன் நின்றது? எப்படித் திரும்பி வந்தது?

3. உங்கள் ஊரில் பழைய பாட்டோ ஆட்டமோ தெரிந்த பெரியவர் யார்? அவரிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.