குறைந்த விலையில் தாய்ப்பலகை: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

மாணவர்களே, சென்ற மாதம் என் படிவம் 4 மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். வீட்டிலேயே ஒரு மேசைக்கணினியைப் பூட்டப் போகிறாராம். கையில் இருப்பது 1,500 வெள்ளி. பாதி, கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் அப்பாவின் ஓவர்டைம் பணம். மீதி, பள்ளி விடுமுறையில் அவரே உழைத்துச் சேர்த்தது. தாளின் முதல் வரியில் 'மதர்போர்டு – 700 வெள்ளி' என்று இருந்தது.

"நல்ல மதர்போர்டு போட்டாதான் கம்ப்யூட்டர் வேகமா ஓடும்னு சொன்னாங்க, சார்" என்றார்.

இந்த நம்பிக்கை பலரிடம் உண்டு. இன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.

மலாய்ப் பாடநூலில் 'பாப்பான் இண்டுக்' என்றும் தமிழில் தாய்ப்பலகை என்றும் சொல்கிறோமே, அந்தப் பலகை எதையும் கணக்கிடுவதில்லை. கணக்கிடுவது செயலி. பலகை செயலிக்கு மின்சாரம் கொடுக்கிறது. செயலியையும் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் இணைக்கிறது. ஒரே செயலியை 280 வெள்ளிப் பலகையிலும் 700 வெள்ளிப் பலகையிலும் பொருத்தினால், பள்ளி வேலையிலோ சாதாரண விளையாட்டிலோ வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் அதிகம் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? கூடுதல் துளைகள், கூடுதல் யுஎஸ்பி வாய்கள், வைஃபை, வண்ண விளக்குகள், இவற்றோடு மின்சாரம் வழங்கும் பகுதியின் தரம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அதற்கு நீங்கள் படிவம் 3-இல் படித்த பாடமே போதும்.

திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 2,200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 240 வோல்ட்டில் அது இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர். இப்போது ரைசன் 5 5600ஜி என்ற செயலியைப் பாருங்கள். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு மூச்சில் ஓடும்போது 88 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அது வாங்கிக்கொள்ளும் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட் மட்டுமே. 88-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 70 ஆம்பியருக்கு மேல்! கெட்டிலைப் போல ஏழெட்டு மடங்கு மின்னோட்டம் ஒரு தீப்பெட்டி அளவுப் பொருளுக்குள் போகிறது.

மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டை இந்த 1.2 வோல்ட்டாகக் குறைப்பது தாய்ப்பலகையின் வேலை. செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகளும் சிறு உருளைகளும் அதற்காகத்தான் உள்ளன. மின்னோட்டம் ஒரே பாதையில் போனால் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதே மின்னோட்டத்தை ஆறு சம பாதைகளில் பிரித்துவிட்டால், ஒவ்வொரு பாதையிலும் வெப்பம் 36-இல் ஒரு பங்காகும். ஆறையும் கூட்டினால் மொத்தம் 6-இல் ஒரு பங்கு. பலகை விளம்பரங்களில் 'ஃபேஸ்' என்று எண்ணிச் சொல்வது இந்தப் பாதைகளைத்தான். 65 வாட் வகைச் செயலிக்கு மலிவான பலகையின் சில பாதைகளே போதும். ஆனால் 12, 16 கருக்கள் கொண்ட பெரிய செயலியை அதே பலகையில் போட்டால் அந்தப் பகுதி கொதிக்கும். தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே முதலில் செயலியை முடிவுசெய்யுங்கள். பலகை அதற்குப் பிறகு.

என் மாணவரிடம் 5600ஜி-யைத்தான் சொன்னேன். அதற்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருப்பதால் தனி கிராஃபிக்ஸ் அட்டை இப்போதைக்கு வேண்டாம். அது பொருந்தும் இருக்கையின் பெயர் ஏஎம்4. ஏ520, பி450, பி550 என்ற சிப்செட்டுகள் கொண்ட பலகைகள் அதற்குச் சரிவரும். "பி550-இல் பிசிஐஇ 4.0 இருக்கிறது, இரட்டை வேகம்" என்று கடைக்காரர் சொல்வார். சொல்வது உண்மைதான். ஆனால் 5600ஜி செயலிக்கே பிசிஐஇ 3.0 வரைதான் தெரியும். எட்டு வழிச் சாலை போட்டாலும் மோட்டார் சைக்கிள் தன் வேகத்தில்தான் ஓடும். அதனால் ஏ520 பலகை போதும் என்றேன். 250 முதல் 300 வெள்ளிக்குள் கிடைக்கும். பின்புறத்தில் எச்டிஎம்ஐ வாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் செயலிக்குள் இருக்கும் படப்பகுதி வீண்.

இன்டெல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு எச்610 சிப்செட், எல்ஜிஏ1700 இருக்கை, ஐ3-12100 செயலி என்பது சிக்கனமான கூட்டணி. செயலிப் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் படப்பகுதி கிடையாது. சில வெள்ளி மலிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். எச்610 பலகைகளில் சில டிடிஆர்4 நினைவகத்துக்கும் சில டிடிஆர்5 நினைவகத்துக்கும் செய்யப்பட்டவை. இரண்டிலும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றில் ஏறாது, அழுத்தினால் உடையும். (இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் நம் பினாங்கில்தான் திறந்தது. உங்கள் செயலியின் மூடியில் மலேசியாவைக் குறிக்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.)

நினைவகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4-3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு குச்சிகள் இரண்டு தடங்களில் இருந்தால் 51.2 ஜிபி. படப்பகுதியும் இதே நினைவகத்தைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், பலகையை மாற்றுவதைவிட இதில்தான் வேகம் கிடைக்கும்.

இனி, நான் பட்ட அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் தள்ளுபடியில் பி450 பலகை வாங்கினேன். இருக்கை ஏஎம்4, செயலியும் ஏஎம்4. வீட்டுக்கு வந்து பூட்டினால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. மூன்று நாள் தூக்கமில்லை. நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன், மின்வழங்கியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் புரிந்தது: பி450 பலகைகள் 2018-இல் வந்தவை, 5000 வரிசைச் செயலிகள் 2020-இல்தான் வந்தன. பலகையில் இருந்த பயாஸ் மென்பொருளுக்கு என் செயலி யாரென்றே தெரியவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு லூமுட்டிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் ஈப்போவரை போய், வேறொரு கடையில் கூலி கொடுத்துப் பயாஸைப் புதுப்பித்தேன். தள்ளுபடியில் மிச்சமான பணம் பெட்ரோலுக்கும் டோலுக்கும் சரியாகப் போயிற்று. நீங்கள் வாங்கும் முன், பலகை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மாதிரியின் செயலிப் பட்டியலைத் திறந்து, உங்கள் செயலிக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள். பலகைப் பெட்டியில் உள்ள பதிப்பைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால், கடையிலேயே செயலியைப் பொருத்தித் திரை வருவதைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பழைய பலகை மலிவாக வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். 2013 கால எல்ஜிஏ1150 பலகைகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 11 இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சாதாரணச் செயலிகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகத் தயார் என்றால் வாங்கலாம். அப்போதும் இரண்டைப் பாருங்கள். உருளை மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியிருந்தால் வேண்டாம். இன்டெல் பலகைகளில் ஊசிகள் பலகையின் இருக்கையில்தான் இருக்கும், எல்ஜிஏ1700-இல் 1,700. கைப்பேசி விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வரிசை கலைந்து ஒரு ஊசி மட்டும் வேறு விதமாக மின்னினால் அது வளைந்திருக்கிறது. ஏஎம்4-இல் ஊசிகள் செயலியின் அடியில் இருப்பதால் அங்கே சோதிக்க வேண்டியது செயலியை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை, கடற்காற்று. காற்றில் வரும் உப்புத் துகள் பலகைமேல் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு இன்னும் முன்பே கரையும். லூமுட்டில் இரவு நேர ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். யுஎஸ்பி வாயிலும் திருகுகளிலும் பச்சை பூப்பது இதனால்தான். கடலைப் பார்த்த சன்னலுக்குக் கீழே கணினியை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்தே போடாமல் அவ்வப்போது ஓடவிடுங்கள். உள்ளே சூடு இருந்தால் பலகைமேல் ஈரம் தங்காது. இடி இடிக்கும் மாலையில் அணைத்து, பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். எந்த விலைப் பலகையும் மின்னலைத் தாங்காது.

பெட்டியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான பலகைகளில் பெரும்பாலானவை மைக்ரோ ஏடிஎக்ஸ், அதிகபட்சம் 244 மில்லிமீட்டர் சதுரம். ஏடிஎக்ஸ் பெட்டியிலும் அது உட்காரும். வைஃபை இல்லையே என்று 100 வெள்ளி கூட்ட வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை குச்சி போதும். எம்.2 துளை ஒன்றாவது இருக்கட்டும்.

வாங்கி வந்ததும் நேரே பெட்டிக்குள் திருகிவிடாதீர்கள். பலகையை அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, செயலி, விசிறி, ஒரே ஒரு நினைவகக் குச்சி, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் இணையுங்கள். செயலிக்கு அருகே உள்ள 12 வோல்ட் இணைப்பைப் பலர் மறந்துவிடுவார்கள். திரையில் பயாஸ் பக்கம் வந்து செயலியின் பெயரைச் சரியாகக் காட்டினால் பெட்டிக்குள் மாட்டலாம். வராவிட்டால் குச்சியை அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால், ரசீதோடு அடுத்த நாளே கடைக்குப் போங்கள். என் மாணவரின் ஏ520 பலகை இரண்டாம் துளையில்தான் விழித்தது. முதல் துளையில் அவர் குச்சியை முழுதாக அழுத்தவில்லை.