மீன் பிடிக்கும் பறவைகளைப் படம் பிடிப்போம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு



குளக்கரையில் அசையாமல் நிற்கும் கொக்கைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இலர். ‘காலமறிதல்’ அதிகாரத்தில் பொறுமைக்கும் விரைவுக்கும் வள்ளுவர் அந்தக் கொக்கையே உவமையாகக் காட்டியுள்ளார். அக்கொக்கு மீனைக் கொத்தும் கணத்தைப் படம் பிடிக்க விரும்புகிறவர்களுக்கும் அந்த இரண்டு குணங்களும் வேண்டும். அவற்றோடு வேறொரு குணமும் வேண்டும். அது என்ன என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

எங்கள் இயற்கை மன்றத்து மாணவியர் பன்னிருவர் சென்ற மாசி மாதத்தில் அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரியுடன் கூந்தன்குளத்திற்கும், பிறகு ஒரு நாள் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் சென்று வந்தோம். ஒரு டிஜிட்டல் காமிரா, இரண்டு தொலைநோக்கிகள், ஆளுக்கொரு குறிப்பேடு ஆகியவையே எங்களிடம் இருந்த கருவிகள். அங்கே கண்டவற்றையும், வகுப்பில் கற்ற பௌதிகத்தைக் கொண்டு விளங்கிக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கூந்தன்குளம்

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டத்தில் உள்ள சிற்றூர் கூந்தன்குளம். இங்குள்ள குளத்திற்கு மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக நீர் வருகிறது. 1994ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். ஈரநிலங்களைக் காப்பதற்காக ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் உலகப் பட்டியலிலும் கூந்தன்குளம் இடம்பெற்றுள்ளது.

இவ்வூரின் சிறப்பு, பறவைகள் குளத்திலுள்ள மரங்களில் மட்டுமன்றி வீடுகளுக்கு இடையே நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுவதாகும். எச்சம் விழுகிறதே என்று எவரும் அவற்றை விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம். பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் இவ்வூரின் வழக்கம். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்களும் இங்கு உண்டு.

பறவைகளின் மீன்பிடி முறைகள்

ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு முறையில் மீன் பிடிக்கிறது. அம்முறையை அறிந்தவரே அதனைப் படம் எடுக்க இயலும்.

கொக்கும் சாம்பல் நாரையும் நின்று கொத்துபவை. இவற்றுள் சின்னக் கொக்கு மஞ்சள் நிற விரல்களால் சேற்றைக் கிளறி, ஒளிந்திருக்கும் மீனை வெளியே ஓடச் செய்யும்.

மஞ்சள் மூக்கு நாரை கண்ணை நம்புவதில்லை. அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக வீசியபடி நடக்கும். ஏதேனும் மீன் அலகில் பட்டவுடன் ‘டப்’பென்று மூடிக்கொள்ளும். ஆகவேதான் கலங்கிய நீரிலும் அதனால் மீன் பிடிக்க முடிகிறது. இதன் இனத்தைச் சேர்ந்த அமெரிக்க மர நாரையை ஆராய்ந்தவர்கள், மீன் பட்டதிலிருந்து அலகு மூடும்வரை ஆகும் நேரம் வினாடியில் நாற்பதில் ஒரு பங்கே என்று கண்டறிந்துள்ளனர். நாம் கண் இமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும்!

கூழைக்கடா தன் அலகின் கீழுள்ள தோல்பையை வலைபோல் விரித்து, நீரோடு மீனையும் அள்ளும். பிறகு அலகை மார்போடு அணைத்து நீரை வடியவிட்டு, தலையை உயர்த்தி விழுங்கும். அந்தப் பை மீனைச் சேர்த்து வைக்கும் பை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மீனை அள்ளும் வலையே ஆகும்.

நீர்க்காகம் நீருக்குள் மூழ்கி, கால்களால் உந்தி மீனைத் துரத்தி, கொக்கிபோல் வளைந்த அலகு நுனியால் பற்றும். பாம்புத்தாரா நீருக்குள் மெல்ல நீந்தி, ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தும். அதன் கழுத்தெலும்பில் உள்ள மடிப்பு, கழுத்தை வில்போல் விரைந்து நீட்ட உதவுகிறது. குத்திய மீனோடு மேலே வந்து, அதை உதறி மேலே எறிந்து, தலைப்பக்கமாக வாயில் ஏந்திக்கொள்ளும். மீனின் செதில்களும் துடுப்பு முட்களும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், தலை முதலில் சென்றால்தான் தொண்டையில் சிக்காமல் இறங்கும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பின் தலைகீழாகப் பாயும். கடற்கரையில் ஆலாக்களும் இவ்வாறே அலகைக் கீழே சாய்த்துப் பார்த்துப் பாய்கின்றன. குளிர்காலத்தில் வரும் விராலடிப்பான் என்னும் பருந்தினம் மட்டும் கால்களை முன்னே நீட்டிப் பாயும். அதன் வெளிவிரல் பின்பக்கமும் திரும்பக்கூடியது. பாதத்தில் சொரசொரப்பான முட்கள் உண்டு. ஆகவே வழுக்கும் மீனும் தப்புவதில்லை. பிடித்த மீனைத் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பற்றிச் செல்வதால் காற்றின் தடை குறைகிறது.

ஒளி செய்யும் மாயம்

நீருக்குள் இருக்கும் பொருள் சற்று மேலே இருப்பதுபோல் தோன்றுவதை ஒளிவிலகல் பாடத்தில் கற்றோம். நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33. ஆகவே 40 செ.மீ. ஆழத்தில் உள்ள மீன், நேர் மேலிருந்து பார்க்கும்போது 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் பிழை இன்னும் மிகும். கடற்கரையில் வாழும் கரைக்கொக்கை ஆராய்ந்த அறிஞர்கள், அது இந்தப் பிழையைத் தானே சரிசெய்து கொத்துகிறது என்று கண்டனர். தேர்வில் நாம் சூத்திரம் எழுதிக் கணக்கிடுவதைக் கொக்கு சூத்திரமின்றியே செய்துவிடுகிறது!

படம் எடுப்பவருக்கு இடையூறாக இருப்பது நீரின் பளபளப்பு. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் பெரும்பகுதி ஒரு தளத்தில் மட்டும் அதிர்வதால், தளவிளைவு வடிகட்டியை லென்சின் முன் பொருத்தித் திருப்பினால் பளபளப்பு குறையும். ஆனால் அது காமிராவினுள் செல்லும் ஒளியையும் குறைத்துவிடும். செலவில்லாத வழி, காலை வெயில் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றுகொள்வதே.

ஒரு சிறு கணக்கு

5 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் ஆலா சிறகை மடக்கி நேராக விழுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், நீரைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். விழ ஆகும் நேரம் 1 வினாடி.

காமிராவின் ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால், அதற்குள் பறவை 10 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் விழும். 1/500 வினாடியானால் நகர்வு 2 செ.மீ. 1/2000 வினாடியானால் நகர்வு அரை செ.மீ. மட்டுமே. அப்போதுதான் இறகும் நீர்த்துளியும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஷட்டர் அவ்வளவு குறைந்த நேரம் திறந்தால் ஒளி போதாது. ஆகவே நல்ல வெயில் வேண்டும், அல்லது காமிராவின் ஒளியுணர்வை உயர்த்தி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண் கண்டதை விரல் செய்ய ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகும். அந்நேரத்தில் பறவை 2 மீட்டர் கடந்துவிடும்! ஆகவே பாய்ந்த பின் பொத்தானை அழுத்துவதில் பயனில்லை. மீன்கொத்தி ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும்போதும், நீர்க்காகம் மூழ்குமுன் சற்றே எம்பும்போதும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். பறவையின் பழக்கத்தைப் படித்தவரே வெல்வார்.

வழிகாட்டிய முன்னோர்

பறக்கும் பறவையைப் படமாக்க 1882ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்தார். அது வினாடிக்கு 12 படங்கள் எடுத்தது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் பறவைகள் அஞ்சாதிருக்க, உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்றைச் செய்து அதனுள் ஒளிந்திருந்து படம் எடுத்தனர். அந்நாட்டில் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட ஒருவகை நாணல் கொக்கு மீண்டும் குஞ்சு பொரிக்கிறது என்பதை 1911ஆம் ஆண்டு படத்தால் மெய்ப்பித்தவர் எம்மா டர்னர் என்ற பெண்மணி.

நம் நாட்டில் மா. கிருஷ்ணனை அறியாதவர் அறிய வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912ஆம் ஆண்டு நம் திருநெல்வேலியில் பிறந்த இவர், பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளையில் வனவிலங்குகளைப் படம் எடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதினார். 1996ஆம் ஆண்டு மறைந்தார்.

தகாத வழிகள்

இப்பொழுது அந்த மூன்றாவது குணத்திற்கு வருவோம். மீன் பிடிக்கும் படம் எளிதில் கிடைக்காது. ஆகவே சிலர் குறுக்கு வழியை நாடுகின்றனர். கண்ணாடித் தொட்டியில் உயிர்மீனை விட்டு, அதன் மேல் ஒரு கிளையை நட்டு மீன்கொத்தியை வரவழைக்கின்றனர். கல் எறிந்து பறவைக் கூட்டத்தைக் கிளப்புகின்றனர். கூட்டின் அருகே டிரோனைப் பறக்கவிடுகின்றனர்.

கூந்தன்குளத்திற்குப் புறப்படுமுன் எங்களுக்குள்ளேயும் இதுபற்றி விவாதம் எழுந்தது. “சந்தையில் சிறு மீன் வாங்கிச் சென்று எறிந்தால் கூழைக்கடா அருகே வருமே, பறவைக்கும் உணவு, நமக்கும் படம், இதில் என்ன தீமை?” என்று சிலர் கேட்டோம். அதற்கு அருட்சகோதரி, “அந்தப் படத்தின் கீழே என்ன எழுதி மாட்டுவீர்கள்?” என்று மட்டும் கேட்டார். ‘மீன் பிடிக்கும் கூழைக்கடா’ என்று எழுதினால் அது பொய். ‘நாங்கள் எறிந்த மீனைத் தின்னும் கூழைக்கடா’ என்று எழுதினால் அதை எவரும் வியந்து பார்க்க மாட்டார். மீன் வாங்குவதில்லை என்று அன்றே முடிவாயிற்று.

ஊருக்குச் சென்ற பின் வேறொரு காரணமும் விளங்கிற்று. நண்பகல் வெயிலில் ஒரு தாய் நாரை சிறகைக் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்துகொண்டிருந்தது. நாம் நெருங்கி அது பறந்துவிட்டால், குஞ்சுகள் வெயிலில் வாடும். காகமும் கழுகும் காத்திருக்கும். இரை தேடும் பறவையை விரட்டினால், அன்று கூட்டிற்குச் செல்லும் மீன் குறையும். நம் சுவரில் ஒரு படம் ஏறுவதற்காக ஒரு குஞ்சு பட்டினி கிடக்கலாமா? ஆகவே கரைச்சாலையிலேயே மரநிழலில் அமர்ந்து, மங்கிய நிற உடையுடன், பேச்சின்றிக் காத்திருந்தோம். பறவை தலையைத் தூக்கி நம்மை நோக்கினால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பது அதன் பொருள் என்று கற்றுக்கொண்டோம்.

தூத்துக்குடிக் கரையில் கரைவலை இழுக்கும்போது கடற்காகங்களும் செம்பருந்துகளும் தாமாகவே கூடின. தப்பிய சிறு மீன்களை அவை அள்ளியதை மீனவர் எவரும் தடுக்கவில்லை. “அது வந்தாத்தான் மீன் கெடக்குற எடம் தெரியும், பாப்பா” என்றார் வலை இழுத்த பெரியவர் ஒருவர். அறுந்த நைலான் வலைத் துண்டுகளைக் கரையில் விட்டுவிடாமல் எடுத்துச் செல்ல வேண்டும், பறவையின் கால் அதில் சிக்கிவிடும் என்றும் அவரே சொன்னார்.

இரண்டு நாட்களிலும் நாங்கள் எடுத்த படங்களுள் பெரும்பாலானவை மங்கலானவை. சிலவற்றில் வெறும் நீர் வளையங்களே உள்ளன. தெளிவாக விழுந்தது ஒன்றுதான்: பாம்புத்தாரா மேலே எறிந்த மீன் அதன் அலகிற்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும் படம். அதன் கீழே நாள், நேரம், இடம் எழுதி அறிவியல் அறையில் மாட்டியுள்ளோம். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

முடிவுரை

பொறுமையும் விரைவும் கொக்கிடம் கற்கலாம். நேர்மையை நாமேதான் கொண்டு செல்ல வேண்டும். தோழியரே, உயர்ந்த காமிரா இல்லையே என்று தயங்க வேண்டா. வீட்டிலுள்ள கைப்பேசியும், குறிப்பேடும், ஊர்க் குளமும் போதும். 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று தமிழகத்தில் நடைபெற்று வருகிறது. அதில் மாணவரும் பங்கு பெறலாம். வரும் பொங்கலன்று கால் மணி நேரம் உங்கள் ஊர்க் குளக்கரையில் அமருங்கள். எந்தப் பறவை, எத்தனை, எவ்வாறு மீன் பிடித்தது என்று எழுதுங்கள். பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் குளத்தைப் பற்றிப் படிக்க ஆவலோடு காத்திருப்போம்.