ஓடும் நீரும் நம் அமானிதமும்

ஓடுகிற தண்ணீரில் அழுக்கு நிற்காது என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. வாய்க்காலில் குப்பையைக் கொட்டுகிறவரும் இதையே சொல்கிறார். அதே வாய்க்காலில் இறங்கி ஒளுச் செய்கிறவரும் இதையே சொல்கிறார். இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை மார்க்கச் சட்டத்தைக் கொண்டும், நீரைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ள விவரங்களைக் கொண்டும் இப்பாடத்தில் கவனிப்போம். திருவாரூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. நாம் காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். மேலே உள்ளவர்கள் ஆற்றில் விட்டதில் எஞ்சியது நம்மிடம் வருகிறது. நாம் விடுவது நமக்குக் கீழே உள்ளவர்களிடம் போகிறது.

சட்டம் கூறுவது

ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு 'குல்லத்' என்பது நீருக்குரிய அளவு. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டி கொள்ளும் நீர் அது. இக்கால அளவில் ஏறத்தாழ 200 லிட்டர் என்று கொள்ளலாம். இந்த அளவுக்குக் குறைந்த நீரில் நஜீஸ் பட்டால், நிறம் மாறாவிட்டாலும் அந்நீர் அசுத்தமாகிவிடும். இந்த அளவோ அதற்கு மேலோ உள்ள நீர், நஜீஸினால் நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஒன்று மாறினால் அசுத்தமாகிவிடும். ஹனஃபீ மத்ஹபில், பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள ஹவ்ளு ஓடும் நீரின் சட்டத்தைப் பெறுகிறது. ஓடும் நீரில் நஜீஸின் அடையாளம் தென்படாத வரை அது சுத்தமானதே.

இங்கே இரண்டு செய்திகளை உற்று நோக்க வேண்டும். முதலாவது, எந்த மத்ஹபும் ஓடும் நீருக்கு நிபந்தனையற்ற விலக்கு அளிக்கவில்லை. நஜீஸினால் நிறமோ மணமோ சுவையோ மாறிவிட்டால் ஆறானாலும் கடலானாலும் மாறிய நீர் அசுத்தமே. இரண்டாவது, வண்டல், பாசி போன்று நீரின் தடத்திலேயே உள்ளவற்றால் ஏற்படும் மாற்றம் குற்றமாகாது. ஆடி மாதத்தில் செந்நிறமாகச் சுழித்து வரும் புதுவெள்ளம் பார்வைக்குக் கலங்கலாயினும் ஒளுவுக்குத் தகுதியானது. பார்வைக்குத் தெளிவாயுள்ள நீரெல்லாம் நலமானது என்பதும் இல்லை.

ஒளுவுக்குக் கூடுமா என்பது ஒரு கேள்வி. குடிப்பதற்கும் பயிருக்கும் உகந்ததா என்பது வேறொரு கேள்வி. கடல் நீரில் ஒளுக் கூடும். ஆனால் அதைக் குடித்து உயிர் வாழ முடியாது, அதைப் பாய்ச்சி நெல் விளைவிக்கவும் முடியாது. முதற் கேள்விக்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதை மறந்துவிடுவதே நம்மிடமுள்ள குறை.

ஆறு தன்னைச் சுத்தம் செய்யும் விதம்

அல்லாஹ் ஆற்றுக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் தன்மையை அளித்திருக்கிறான். கழிவு நீரில் விழுந்ததும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கின்றன. அவ்வேலைக்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அவை செலவிடுகின்றன. நீர் அலைந்து ஓடும்போது காற்றிலிருந்து மறுபடியும் பிராணவாயு கரைகிறது. கழிவு அளவோடும் நீர் மிகுந்தும் இருந்தால் சில மைல் தூரத்தில் ஆறு தேறிவிடும். கழிவு மிகுந்தால் பிராணவாயு தீர்ந்து, மீன்கள் செத்து மிதக்கும். நீர் கறுத்து நாறும்.

இதை அளப்பதற்கு நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை வகை பிரித்திருக்கிறது. குளிப்பதற்கு ஏற்ற நீரில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு 3 மில்லிகிராமுக்கு மேற்போகக் கூடாது. மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லி லிட்டரில் 500-க்குள் இருக்க வேண்டும். சுத்திகரிக்காமல், கிருமி மட்டும் நீக்கிக் குடிக்கத்தக்க நீரிலோ அவை 50-க்குள் இருக்க வேண்டும். கண்ணும் மூக்கும் நாவும் காட்டிக் கொடுக்காத கலப்பைப் பரிசோதனைச் சாலை இவ்வாறு காட்டிக் கொடுக்கிறது.

நொய்யல் புகட்டிய பாடம்

ஆறு எல்லாக் கழிவையும் இவ்வாறு தீர்த்துவிடாது. உப்பு அவ்வாறு தீராத ஒன்று. நுண்ணுயிர்கள் அதைத் தின்பதில்லை; ஓடுவதால் அது அழிவதுமில்லை. இதற்குச் சான்று காவிரியின் உபநதியான நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே வந்து, கரூர் மாவட்டத்தில் அது காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் நீர் பல ஆண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு சாயத்தின் நிறம் குறைந்தது. கரைந்த உப்போ அப்படியே சென்றது.

பாசனத்துக்கென்று அந்நதியில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. நீரைத் தேக்கி வயலுக்கு விட வேண்டிய அணை, சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் குட்டையாயிற்று. கீழ்ப்புறத்து வயல்களும் கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீரைச் சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னரே, நீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தி, எஞ்சிய உப்பைக் காய்ச்சிப் பிரிக்கும் முறை அங்கே நிலை பெற்றது.

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. அப்படியிருந்தும் நீதிமன்றம் தலையிடும்வரை ஓர் ஆறு உப்பாறாக ஓடியது. சட்டப் புத்தகம் மட்டும் ஆற்றைக் காக்காது. மனிதனுடைய உள்ளத்தில் அல்லாஹ்வின் அச்சமும் வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

நம் ஊர் வாய்க்கால்

மேலே உள்ளவர்களைக் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும் நீர், மேலும் பல கிளைகளாகிக் கீழ்த் தஞ்சை எங்கும் பரவுகிறது. திருவாரூர் நகரை ஒட்டி ஓடும் ஓடம்போக்கி ஆறும் இக்கிளைகளுள் ஒன்று. நம் பகுதியில் மேல் வயலின் வடிகால் நீரே கீழ் வயலின் பாசன நீராகிறது. ஓர் ஊரின் கழிவைச் சுமக்கும் வாய்க்காலே அடுத்த ஊரின் நாற்றங்காலுக்குப் போகிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து, ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இந்நாட்கள் மாறுவதுண்டு. அணை மூடிய பின் நம் ஆறுகளும் வாய்க்கால்களும் வறண்டு போகின்றன. அப்போது அவற்றில் தேங்கி நிற்பது பெரும்பாலும் நாம் விட்ட சாக்கடைதான். கழிவின் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மண்டுகிறது, கொசு பெருகுகிறது. ஓடும் நீர் என்று நாம் சாக்குச் சொன்ன அதே வாய்க்கால், ஆண்டில் பல மாதங்கள் தேங்கிய குட்டையே. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீர்த்துறையிலும், பாதையிலும், நிழலிலும் மலங்கழிப்பது சாபத்துக்குரியது என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் சிறுநீருக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், ஊர் முழுவதன் கழிவையும் நீரில் விடுவதைப் பற்றி என்ன சொல்வது?

மேல் மடையின் கடமை

மதீனாவில் ஹள்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வாய்க்கால் நீரைப் பற்றிப் பிணக்கு வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல்புறம் இருந்தது. உமது தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை வீட்டாருக்கு விடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். மேல் மடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் நீர் அவரோடு முடிந்துவிடுவதில்லை. அண்டை வீட்டாருக்கு விட வேண்டிய நீரை அழுக்காக்கி விட்டால் அது கொடுத்ததாகுமா? மேல் மடையில் நிற்பது ஒரு சலுகையன்று, ஓர் அமானிதம். கடைமடையில் இருக்கும் நாமும் நமக்குக் கீழே உள்ளவருக்கு மேல் மடைக்காரர்களே.

ஆகவே ஜமாஅத்தார் கூடி, கீழ்க்காணும் காரியங்களில் கவனம் செலுத்துவது நலம்:

1. கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வண்டி அக்கழிவை எங்கே கொட்டுகிறது என்று விசாரித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். நம் வீட்டு நஜீஸ் வாய்க்காலில் கொட்டப்பட்டால் அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

2. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிப் பிராணியின் குடல், இரத்தம், கழிவு ஆகியவற்றை நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். இறைச்சிக் கடைக்காரர்களையும் இதற்கு இணங்கச் செய்ய வேண்டும்.

3. பள்ளிவாசலின் ஒளு நீரைச் சாக்கடையில் சேர்க்காமல் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிட வேண்டும்.

4. ஒளுவில் வீண் விரயம் கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைந்த நீரில், ஒளுச் செய்திருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு நாம் எவ்வளவு ஒழுக விடுகிறோம் என்பதை ஒரு நாள் வாளி வைத்து அளந்து பார்க்கட்டும்.

5. சாக்கடையைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விடும்படி நகராட்சியையும் ஊராட்சியையும் பிற சமயச் சகோதரர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். நீர் எல்லாருக்கும் பொது.

ஒளுவுக்காக நீரைத் தேடுகிற நாம், அந்நீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், நம்மைக் கடந்து செல்லும்போதும் சுத்தமாகச் செல்கிறதா என்று பார்ப்போமாக. நம் உடலைச் சுத்தம் செய்து பிறர் நீரை அசுத்தமாக்குபவர்களாக இல்லாமல், அமானிதத்தைப் பேணுபவர்களாக வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.