கண்ணுக்குள் ஒரு வில்லை

அரசு மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்; கண் மருத்துவன் அல்லன். ஆயினும், தங்கை மகளுக்காக அலைந்து தெரிந்துகொண்டது மற்றவர்க்கும் பயன்படக்கூடும் என்பதால் இம்மலரில் எழுதுகிறேன்.

அவளுக்கு வயது 25. நம் ஊர்க் கண்ணாடிக் கடைக் கணக்கில் 1000 பவர், அதாவது மைனஸ் 10 டயாப்டர். கண்ணாடியைக் கழற்றினால் 10 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். லேசர் சிகிச்சைக்காக மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்தாள். கண்ணை அளந்து பார்த்த மருத்துவரோ, லேசர் கூடாது என்று சொல்லிவிட்டார். "எனக்கு மட்டும் ஏன் மாமா?" என்று அழுதாள்.

காரணம் ஓர் எளிய கழித்தல் கணக்கு. கண்ணின் முன்புறத்துக் கார்னியா என்னும் தெளிந்த படலத்தைச் செதுக்கித்தான் லேசர் பார்வையைத் திருத்துகிறது. அப்படலம் பொதுவாக ஏறத்தாழ 540 மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். இவளுக்கு இருந்ததோ 490. லேசிக் முறையில் மேலே திறக்கும் மடலுக்கு 110 போகும். டயாப்டருக்குச் சுமார் 14 வீதம் 140 செதுக்க வேண்டும். மிச்சம் 240. அடியில் குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொண்டுள்ள எல்லை. அதற்கும் குறைந்தால் படலம் நாளடைவில் முன்னே பிதுங்கிப் பார்வை கெடலாம். மறுத்த அந்த மருத்துவரை நான் மனத்துக்குள் வாழ்த்தினேன்.

அவரே மாற்று வழியையும் சொன்னார். ஐ.சி.எல். எனப்படும் மெல்லிய வில்லையைக் கண்ணுக்குள் பொருத்துவது. "கண்ணுக்குள்ளே கண்ணாடியா? உறுத்தாதா அண்ணா?" என்று தங்கை பதறினாள். கண்புரைக்கு வில்லை வைப்பதை நாம் அறிவோம். லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல் தொடங்கிய வழி அது. அதில் இயற்கை வில்லையை எடுத்துவிடுவார்கள். இதில் அது அப்படியே இருக்கும். அதற்கு முன்னால், கண்ணின் நிறத் திரைக்குப் பின்னால், புதிய வில்லை அமரும். இமை அதைத் தொடாது, ஆகவே உறுத்தாது. சுருட்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியே செலுத்துகிறார்கள். கார்னியாவைச் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் வில்லையை வெளியே எடுத்துவிடலாம்.

அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்ற முந்தைய வகைக்கு, கண்ணில் ஊறும் நீர் தடைபடாதிருக்க நிறத் திரையில் தனியே துளையிட வேண்டியிருந்தது. அங்கு 2022-இல் அனுமதி பெற்ற வகையில் வில்லையின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துளை உண்டு.

இது எல்லோருக்கும் பொருந்தாது. கார்னியாவுக்குப் பின்னுள்ள இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டராவது ஆழம் வேண்டும். கார்னியாவின் உட்புற உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளராதவை. அவற்றையும் எண்ணிப் பார்க்கிறார்கள். வில்லையின் அளவு பெரிதானால் கண் அழுத்தம் ஏறலாம். சிறிதானால் இயற்கை வில்லையில் உரசிப் புரை வரலாம். கிருமித் தொற்று அபூர்வம், ஆனால் ஆபத்தானது. செலவும் லேசரைவிட அதிகம்.

எல்லா அளவும் சரியாக இருந்ததால் அவள் செய்துகொண்டாள். மறுநாள் காலை சுவர்க் கடிகாரத்தைப் படுக்கையிலிருந்தே படித்துச் சொன்னாள். இனிக் கண் மருத்துவரிடம் போக வேண்டாம் என்று நினைத்தாள். நான் விடவில்லை. கிட்டப்பார்வை மிகுந்தவர்களின் கண் நீண்டிருக்கும். விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். முன்னால் எந்த வில்லை வைத்தாலும் அந்த நீளம் குறையாது.

ஓராண்டு கழித்துக் கூட்டிப்போனேன். வலக்கண் விழித்திரையின் ஓரத்தில் சிறு துளை ஒன்று தெரிந்தது. அது கிழிந்து பிரியாதபடி, அன்றே வேறு வகை லேசரால் சுற்றிலும் அடைத்தார்கள். "லேசர் கூடாதென்று சொன்னீர்களே டாக்டர்!" என்று அவள் கேட்டதற்கு அவரும் சிரித்துவிட்டார்.